கோதுமையின் மேல் விழுந்த கைகள்

நான் கேலரிகளில் புரொஜெக்டர் தொங்கவிடுகிறவள். கலையைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறவர்களோடு நின்று பேசப் பொறுமையும் கிடையாது. தென் லண்டனில் ஒரு பழைய கிடங்கைக் கேலரியாக்கியிருந்தார்கள். ஒரு பங்குனி மாதம், அங்கே ஓர் ஈரானியக் கலைஞருக்கு வேலை செய்யப் போனேன். "வயரை மறைக்க வேண்டாம், அதுவும் வேர்தானே" என்றார் முதல் நாளே. இவரோடு பெரும்பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள், ஏணியை அவரே பிடித்துக்கொண்டு நின்று, ஏலக்காய்த் தேநீர் ஊற்றித் தந்தார். அதோடு அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார். நாங்கள் பேசியது இங்கிலிஷ்தான். ஆனால் என் நினைவில் அவர் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறார்.

ஈரானியர்களுடைய புத்தாண்டு பங்குனியில் வரும். அதற்குக் கோதுமையைத் தட்டில் முளைக்க விடுவார்கள், எங்கள் கலியாண வீட்டு முளைப்பாலிகை மாதிரி. அக்கா கேலரித் தரை முழுக்கக் கோதுமை விதைத்திருந்தார். ஈரானில், தங்கையோடு இருந்த அவருடைய அம்மாவும் ஒரு தட்டில் விதைத்திருந்தார். அந்தத் தட்டுக்கு மேலே ஒரு போனைக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து வரும் நேரடிப் படத்தை நான் கூரையிலிருந்து லண்டன் கோதுமையின் மேல் விழவைத்தேன். அம்மா அங்கே தண்ணீர் தெளித்தால், அவருடைய பெரிய கைகள் இங்கே பயிரைத் தடவும். முகத்தைக் காட்டவோ ஆட்கள் முன் பேசவோ அம்மா சம்மதிக்கவில்லை. கைகள் மட்டும்தான், அதுவும் பயிரின் மேல் மங்கலாக. அக்கா இங்கே மைக்கில் பேசினால் அம்மா கையை அசைப்பார்; தண்ணீர் தெளிக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும்.

கேலரிக்கு எழுதிக் கொடுத்த விளக்கத்தில் இயற்கை, மரபு, புலப்பெயர்வு என்று என்னவெல்லாமோ இருந்தது. உண்மை எனக்குத் தெரியும். அக்கா அகதியாக வந்தவர், திரும்பிப் போக முடியாது. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தினமும் அம்மாவைப் பார்க்க அவருக்குக் கிடைத்த வழி இதுதான்.

கண்காட்சி தொடங்கிச் சில நாட்களில் ஈரானில் அரசாங்கம் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டது. கோதுமையின் மேல் வெறும் நீல வெளிச்சம். அக்கா சாப்பிடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு காலை படம் திரும்பி வந்தது. அதே சாம்பல் கம்பளிச் சட்டை, அதே மோதிரம். "அக்கா, அம்மா வந்திட்டா" என்று கத்தினேன். அவர் வந்து பார்த்தார். பிறகு மைக்கில் பாரசீகத்தில் காலை வணக்கம் சொன்னார். கை அசைந்தது. அவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சந்தோஷத்தில் அழுதிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் அப்படியே. கடைசி நாளில், கதவு திறக்குமுன், அவர் அந்தக் கைகளைக் காட்டிச் சொன்னார்:

"அது அம்மா இல்லை. தங்கச்சி."

எனக்கு விளங்கவில்லை.

"அம்மா தண்ணி தெளிச்சுப்போட்டு ஈர விரலைக் கண்ணிலை ஒத்துவா. கை படத்தை விட்டு மேலை போகும். நெட் வந்த அண்டைக்கு அது மேலை போகேல்லை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"தங்கச்சி ஒவ்வொரு நாளும் அம்மாவின்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிக்கிறாள். நான் சொன்னால் அம்மா செத்துப்போவா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் ஆட்களும் இப்படித்தான். வெளிநாட்டில் இருப்பவர் தாங்கமாட்டார் என்று, செத்தவரைக் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பார்கள். என் அப்பா போன பிறகும், நான் போன் எடுத்த போதெல்லாம் "அப்பா நித்திரை" என்றுதான் அண்ணை சொன்னார். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழ வேண்டிய நாளைப் பறித்துவிடுகிறார்கள். அண்ணையை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

கதவு திறந்தது, ஆட்கள் வந்தார்கள். வழக்கம்போலக் கைகள் தண்ணீரைத் தெளித்தன. அக்கா மைக்கை எடுத்து, மெதுவாக, இரண்டே வசனம் பேசினார். என்ன சொன்னார் என்று பிறகுதான் கேட்டேன்: "போதும், தங்கச்சி. சட்டையைக் கழட்டு, நீ களைச்சுப் போனாய்."

கைகள் நின்றுவிட்டன. பிறகு தட்டின் மேல் அப்படியே கவிழ்ந்தன. ஸ்பீக்கரில் ஓர் ஓலம் வந்தது. நான்தான் அதன் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். அறை முழுவதும் அந்தப் பெண் அழுதாள். பார்க்க வந்தவர்கள் அதையும் கண்காட்சி என்று நினைத்து மரியாதையோடு நின்றார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

சுவிட்ச் என் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. அணைத்தால் அக்காவிடமிருந்து தங்கையும் போய்விடுவாள். ஆகவே ஆட்களைத்தான் வெளியேற்றினேன். படம் பிடித்தவரை, வெட்கமில்லாமல் சொல்கிறேன், தோளில் பிடித்துத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா கோதுமைக்குள் இறங்கி, அந்தக் கைகள் விழுந்த இடத்தில் முகத்தை வைத்துக் கிடந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் உட்கார்ந்து நானும் அழுதேன். அந்த அம்மா இறந்து வாரங்களாகியிருந்தன. அன்றுதான் அவருக்காகப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.