வீடியோவில் மட்டும் இருக்கிற என் நிஸ்ஸி

நிஸ்ஸி. என் கண்ணே, நிஸ்ஸி.

நீ பிறக்கவில்லை. உனக்கு ஒரு போட்டோ இல்லை. பூ வைக்க ஒரு கல்லறை இல்லை. ஆனாலும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் இதை ஆரம்பிக்கிறேன். அம்மா கூப்பிடுகிறேன்.

ஆண்டவருக்குள் என் கூடப் பிறந்தவர்களைப் போன்றவர்களே, என் பெயர் ரூத். கும்மிடிப்பூண்டி பக்கத்தில் இருக்கிறோம். ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்தில் தப்பு இருந்தால் மன்னியுங்கள். என் வீட்டுக்காரர் டேனியல் இரும்புக் கம்பி செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறார். நான் வண்டி சாமான் பேக்கிங் பண்ணுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறேன். கல்யாணம் ஆகி ஆறு வருஷம்.

உங்களில் பல பேர் என்னை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மஞ்சள் புடவை கட்டி, ஒரு கையில் மைக்கும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு ஒரு பெண் அழுதுகொண்டே சிரிப்பாளே, எங்கள் சபை யூடியூப்பில் போட்ட அந்த வீடியோ. அது நான்தான். அந்தச் சாட்சி பாதிதான். மீதியை யாரும் வீடியோ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறு வருஷம் எப்படிப் போனது என்று அதே கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை என் மாமியார் துணி துவைக்கிற கல் பக்கம் வந்து நிற்பார்கள். "இன்னாமே, இந்த மாசமும் தொவைக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுவேன்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குக் குறை இல்லை என்றார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் உயிரணு குறைவு. வருஷக்கணக்கில் உலைச் சூட்டில் நிற்பதாலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ரயிலில் திரும்பி வரும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே மேஸ்திரியிடம் கெஞ்சி, உலையை விட்டு வெளியே லோடு ஏற்றுகிற வேலைக்கு மாறிக்கொண்டார். அதில் சம்பளம் கம்மி. ஏன் மாறினார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பிறகு ஐவிஎஃப். எங்கள் தெருவில் டெஸ்ட் டியூப் குழந்தை என்பார்கள். தினமும் வயிற்றில் ஊசி. அந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. தெருமுனை மளிகைக் கடை பிரிட்ஜில் பால் பாக்கெட் பக்கத்தில் வைத்திருந்தோம். நான் போனால் கடைக்கார அண்ணன், "இன்னா ரூத்து, இன்னிக்கு சோடா கலரா, ஊசியா?" என்பார். கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்கள், "ஊசி போட்டுப் போட்டு டியூப் மாதிரி ஊதிக்கினே போறியேடி, டிரைவர் அண்ணே, இவளுக்கு ரெண்டு டிக்கெட்!" என்பார்கள். நானும் சிரிப்பேன். ஊசி போட நர்ஸிடம் என் வீட்டுக்காரரே கற்றுக்கொண்டார். காய்ச்சின கம்பியை இடுக்கியில் பிடித்து இழுத்த கை. அந்தத் துளி ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு தடவை பார்ப்பார். போடுவதற்கு முன்னால் கண்ணை மூடி, "ஆண்டவரே, இவளுக்கு வலிக்கக் கூடாது" என்று தினமும் சொல்வார்.

ரத்த டெஸ்டில் கரு நின்றிருக்கிறது என்று வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டேன்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம். ஜெபம் கேட்கப்பட்டால் உடனே எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். தள்ளிப் போடக் கூடாது. ஸ்கேன் பார்த்த பிறகு சொல்கிறேனே என்று பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். "அட போம்மா. சொல்லாம மூடி வெச்சினா அத்த சாத்தான் திருடிக்கினு பூடுவான். மைக்ல சொல்லு, நெலைக்கும்" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்காகப் பட்டினி கிடந்து ஜெபம் பண்ணினவர்கள். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். ஆறு வருஷம் தலை குனிந்து உட்கார்ந்தவள், ஒரு ஞாயிறு தலை நிமிர்ந்து நின்றேன். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

அப்புறம் ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது. சின்ன விளக்கு அணைந்து அணைந்து எரிகிற மாதிரி. அன்றைக்கு ரயிலில் உட்கார்ந்து, "நிஸ்ஸி" என்று பெயர் வைத்தோம். ஆணோ பெண்ணோ தெரியாது. எனக்கு மட்டும் பெண் என்று தோன்றியது.

மூன்றாம் மாதம் முடிகிற நேரம் அடுத்த ஸ்கேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"துடிப்பு இல்லம்மா."

சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள். அந்தச் சொல்லை இன்னும் என்னால் கேட்க முடியவில்லை. பாத்திரம் சுத்தம் பண்ணுவோம், வீடு சுத்தம் பண்ணுவோம். மயக்கம் தெளிந்ததும் நர்ஸிடம், "என் புள்ள எங்கம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்காதக்கா" என்று என் போர்வையைச் சரி பண்ணிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தேன். மாமியார், "வுடு மே. கையி காலு வராததுக்கு இன்னாத்துக்கு ஒப்பாரி? அடுத்த தபா நிக்கும்" என்றார்கள். பாஸ்டரம்மா கஞ்சி கொண்டு வந்து ஊட்டினார்கள். ஆனால், "போச்சுன்னு வாயால சொல்லாதம்மா, அவிசுவாசம்" என்றார்கள். அந்த வீடியோவையாவது யூடியூப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். "எடுத்தா ஜனங்க சோந்து பூடுவாங்க. அடுத்தது பொறக்கட்டும், அப்ப அதுவே நெஜமாய்டும்" என்றார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிடுவார், வேலைக்குப் போவார், சுவரைப் பார்த்துப் படுப்பார். நிஸ்ஸி என்ற பெயர் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை.

வீடியோ மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. யார் யாரோ பாஸ்டரம்மாவிடம் என் நம்பர் வாங்கிப் போன் போடுவார்கள். "சிஸ்டர், எத்தன மாசம்? எனக்கும் ஜெபம் பண்ணுங்க." நான் கட் பண்ணிவிடுவேன். தெரியாத நம்பர் என்றால் எடுப்பதையே விட்டேன். ஜெபத்தையும் விட்டேன். பைபிளைத் துணிகளுக்கு அடியில் வைத்தேன். காலையில் எழுந்திருப்பதற்கு ஒரு காரணம்கூட இல்லை. சாவதைப் பற்றி யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நிறைய நாள் யோசித்தேன்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது கண்ணாடியில் தலை சாய்த்து ஒரே ஒரு ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, எனக்கு இன்னொரு குழந்தை கேட்கவில்லை. என் குழந்தை இருந்தது என்று சொல்ல ஒரு வாய் கொடும். ஒரே ஒரு வாய். அது முடியாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும்." ஆமென்கூடச் சொல்லவில்லை. ஸ்டாப்பிங் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

அந்த வாரம் லீவு நாளில் பருப்பு கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர் புது நம்பர் வாங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தார். அவர்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, நீங்கதானே டிவில வந்தவங்க? மஞ்ச பொடவ?"

"டிவி இல்லமா. யூடியூப்பு."

"ஏதோ ஒண்ணு. எம் பேரு கலைவாணிக்கா. பெரியபாளையம் பக்கத்துல, நெல்லு வெச்சிருக்கோம். நாங்க உங்க ஆளுங்க இல்லக்கா, அம்மன் கும்புடறவங்க. ஆஸ்பத்திரில கூட ஒக்காந்திருந்த அக்காதான் உங்க வீடியோவ காட்னாங்க. எனக்கும் அடுத்த வாரம் ஊசி ஆரம்பிக்கறாங்க. ஒரே பயம். பாப்பா இப்ப எப்டிக்கா ஒதைக்குது?"

கட் பண்ணியிருக்கலாம். விரல் அங்கேதான் இருந்தது. ஏனோ பண்ணவில்லை.

"இல்லமா."

"இன்னா இல்ல?"

"பாப்பா இல்ல. போய்டுச்சு."

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முகம் தெரியாத ஒருத்தி என் பிள்ளைக்காக அழுதாள். அப்புறம் கேட்டாள்.

"இன்னா பேருக்கா வெச்சிருந்தீங்க?"

பரிசுத்தவான்களே, அதுவரைக்கும் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை. சபையில் கேட்கவில்லை. வீட்டில் கேட்கவில்லை.

"நிஸ்ஸி."

"நிஸ்ஸி," என்றாள். வாயில் போட்டுப் பார்க்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். "நிஸ்ஸி. நல்லாருக்குதுக்கா. நிஸ்ஸிமா, ஒங்கம்மாவ பாத்துக்கோ." கழுவின பருப்பு தரையெல்லாம் கொட்டியது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, அழுவாத. இல்ல, அழு. அழுதுட்டு எனக்குச் சொல்லு. இன்னா இன்னா நடக்கும்? டாக்டரு சொல்றது ஒண்ணும் வெளங்கல."

அழுதுகொண்டே சொன்னேன். இதைப் படிக்கிறவர்களில் போகப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"மாத வெலக்கு வந்ததும் ஸ்கேன் எடுத்து, தொப்புளுக்குக் கீழ ஊசி ஆரம்பிப்பாங்க. சின்ன ஊசிதான். வயிறு உப்பும். சும்மா சும்மா அழுக வரும், கோவம் வரும். நமக்குப் பைத்தியம் புடிச்சிச்சோன்னு தோணும். அது மருந்து பண்ற வேல. ரொம்ப உப்பி மூச்சு முட்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போடு, பொறுத்துக்கினு கெடக்காத. நடுவுல நடுவுல ஸ்கேன். கடசி ஊசிய மட்டும் அவங்க சொன்ன மணிக்குத்தான் போடணும். அப்புறம் மயக்கம் குடுத்து முட்டைய எடுப்பாங்க. அன்னிக்கு வூட்டுக்காரரும் கூட இருக்கணும். அவங்க வெளிய வெச்சு கருவாக்கி, உள்ள வெப்பாங்க. வெக்கறப்ப மயக்கம் வேணாம், தண்ணி குடிச்சிட்டு வயிறு முட்ட ஒக்கார சொல்வாங்க, அதான் பேஜாரு. வந்து படுத்தே கெடக்கணும்னு ஊர்ல சொல்வாங்க. டாக்டரு சொல்றத மட்டும் கேளு."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு வாரம் காத்திருக்கணும். ஊசியெல்லாம் ஒண்ணுமே இல்ல. அந்த ரெண்டு வாரம்தான். நிக்கலாம், நிக்காமலும் போலாம் கலை. நின்னு போவவும் செய்யலாம். நீ இன்னா பண்ணாலும், பண்ணாட்டியும். ஒன் தப்புன்னு யாராச்சும் சொன்னா நம்பாத."

அதைச் சொல்லும்போதுதான் எனக்கே அது காதில் விழுந்தது.

போனை வைக்கிறதுக்கு முன்னால் அவள், "கோயில் மரத்துல எனக்குத் தொட்டில் கட்டப் போறேன். நிஸ்ஸிக்கும் ஒண்ணு கட்டட்டா? ஒங்க சாமி கோச்சிக்குமா?" என்றாள். பல மாதம் கழித்துச் சிரித்தேன். "தெரிலமா. கட்டு" என்றேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது. நான் கேட்ட வாயை ஆண்டவர் ஏன் அங்கிருந்து கொடுத்தார் என்று எனக்கும் தெரியாது. கொடுத்தவர் அவர்தான் என்று மட்டும் தெரியும்.

திரும்பினால் என் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தவர் முகம் துடைக்கத் துண்டுகூட எடுக்கவில்லை.

"யாரு?"

"ஒரு பொண்ணு. நிஸ்ஸி பேர கேட்டா. சொன்னேன்."

கொட்டின பருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். "இந்த மாசம்தான் இல்ல, ரூத்து?" என்றார். "பொறந்திருக்கும்."

அவர் மாதத்தைக் கணக்கு வைத்திருந்தார் என்றே எனக்குத் தெரியாது.

"மேஸ்திரி ஒலைக்குத் திரும்பி வாடான்னு கூப்டுக்கினே கீறாரு. சம்பளம் ஜாஸ்தி. நான் போவல. போனன்னு வெய்யி, நிஸ்ஸி வரவே இல்லன்னு ஆய்டும் இல்ல?" சொல்லிவிட்டு என் மடியில் முகத்தை வைத்துக் கத்தி அழுதார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் எங்கள் பிள்ளையை அடக்கம் பண்ணினோம்.

அடுத்த ஞாயிறு மைக் கேட்டேன். பாஸ்டரம்மா கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு கொடுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "எனக்கும் ஒண்ணு போச்சு ரூத்து. பேரு வெக்கல" என்றாள். அவளைத் தாண்டி இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாமியார் மாறவில்லை. என் மடி காலியாகத்தான் இருக்கிறது. இன்னொரு தடவை ஊசிக்குப் போவோமா என்று தெரியவில்லை. சில நாள் பஸ்ஸில் மறுபடி அந்த இருட்டு வருகிறது. வந்தால் கலைவாணிக்குப் போன் போடுகிறேன். ஜெபம் பண்ணுகிறேன், சின்னதாக. அந்த வீடியோவை எடுக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அதில் நான் வயிற்றில் கை வைத்து நிற்கிறேன். என் பிள்ளை அதில்தான் இருக்கிறாள்.

ஜெபிக்கவே முடியாமல் கிடக்கிறவர்களே, ஆமென் இல்லாத ஜெபத்தையும் அவர் கேட்கிறார். நீங்கள் கேட்டது வராமல், நினைக்காத நம்பரிலிருந்து வேறொன்று வரலாம். எடுங்கள்.

கலைவாணிக்குக் கருவை உள்ளே வைத்துவிட்டார்கள். இப்போது அந்த இரண்டு வாரத்தில் இருக்கிறாள். அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள். நின்றாலும், நிற்காவிட்டாலும் அவள் தனியாக இருக்கக் கூடாது என்று பண்ணுங்கள். போய்விட்டவர்களுக்கு ஜெபம் தேவையில்லை என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். முழங்கால் போடும்போது என் பிள்ளையையும் ஒரு தடவை, வாய் திறந்து, பெயர் சொல்லுங்கள்.

நிஸ்ஸி.