எடமலைப்பட்டி புதூரில் மூச்சு விட்ட பிணம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலைக் காட்சிக்குப் போயிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தியேட்டர். என்னையும் சேர்த்துப் பதினாலு பேர். அதில் ஒருவர் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

படத்தின் பெயர் 'நாளை செத்தவன்'. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மூன்று நாள்தான் ஓடியது. எடுத்தவர் முரளி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டின் முதல் மாடி. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாத்தியார். நாற்பது வயதுக்கு மேல் சிலருக்கு முட்டிவலி வரும், சிலருக்கு சினிமா வரும். முரளிக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் வந்தது.

நான் போய் உட்காரும்போது படம் ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்தில் அப்படி என்ன நடந்திருக்கப் போகிறது?

சயின்ஸ் ஃபிக்‌ஷன் மர்டர் மிஸ்டரி. எடமலைப்பட்டி புதூரில் ஒரு விஞ்ஞானி. ஒரு மணி நேரம் கழித்து என்ன நடக்கும் என்று காட்டும் மிஷின் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். சுவிட்சைப் போட்டால்... அதில் அவருடைய பிணமே தெரிகிறது! யார் கொல்லப்போகிறார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. கண்டுபிடிப்பதற்குள் செத்துவிடுகிறார். மிச்சத்தை இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்கிறார்.

ஏன் எடமலைப்பட்டி புதூர்? முரளியின் மாமா வீடு அங்கேதான் காலியாக இருந்தது.

விஞ்ஞானியின் பிணம் ஹாலில் தரையில் கிடக்கிறது. அதைச் சுற்றி நின்றுகொண்டு இன்ஸ்பெக்டர் நாலு பேரை விசாரிக்கிறார். இருபது நிமிடம். ஒரே ஷாட். கேமராவை ஒரு மூலையில் வைத்தார்கள், அதுவும் பிணத்தைப் போலவே அசையாமல் இருந்தது. இல்லை, தவறு. அசையாமல் இருந்தது கேமரா மட்டும்தான்.

படம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் முரளி. கையில் ஃபோன்.

"எப்படி இருந்துச்சு? மனசுல பட்டதைச் சொல்லுங்க. எடிட் பண்ணாம அப்படியே போடுவேன்."

அவர் நேர்மையானவர். அதுதான் பிரச்சினையே.

முதலில் வந்த கல்லூரிப் பையன் சொன்னான்: "மிஷின் சூப்பர் சார். மத்ததெல்லாம் கொஞ்சம் ட்ரை பண்ணியிருக்கலாம்."

குறட்டைக்காரர் சொன்னார்: "ஏசி நல்லா இருந்துச்சுங்க."

எங்கள் பேட்டையிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு மாமா ஒருவர் திருமண் இட்ட நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எது நடக்கணும்னு நிர்ணயமாயிடுத்தோ, அது நடந்தே தீரும். அப்புறம் பிரயத்தனம் எதுக்கு? அத மொத சீன்லயே சொல்லியிருந்தா எல்லாருக்கும் ரெண்டு மணி நேரம் மிச்சம்."

ஒரு அம்மாள் கேட்டார்: "இது பார்ட் டூவா தம்பி? பார்ட் ஒன் எங்க ஓடுது?"

கருத்துச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நம் முகம் மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதுகு தானாக நிமிர்கிறது. குரல் கனக்கிறது. ஆட்டோவில் போய் இறங்கினால் ஸ்டார் கொடு என்கிறது ஃபோன். பல் பிடுங்கிவிட்டு வந்தாலும் ஸ்டார் கொடு என்கிறது. கொடுத்துக் கொடுத்து நாம் எல்லோரும் நீதிபதிகளாகிவிட்டோம். என் முறை வந்தது. நானும் நிமிர்ந்தேன்.

"எல்லாம் சரி முரளி. ஆனா அந்தப் பிணம் மூச்சு விடுது. வயிறு ஏறி இறங்குது. நான் எண்ணிப் பார்த்தேன்... நிமிஷத்துக்குப் பதினாறு தடவை. இவ்வளவு ஆரோக்கியமான பிணத்தை நான் பார்த்ததே இல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முரளியும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

சொன்னபடியே எடிட் செய்யாமல் போட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. யாரோ என் முகத்தையும் அந்தப் பிணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மியூசிக் போட்டிருந்தார்கள். இன்னொருவர் 'தினமும் காலை மூச்சுப் பயிற்சி' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். கீழே நூற்றுக்கணக்கில் கமென்ட். 'போஸ்ட்மார்ட்டம் பண்ணினா எழுந்து அடிப்பாரு போல.' 'பிணத்துக்கு பிபி நார்மல்.'

காய்கறிக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கேட்டார்: "மேடம், நிமிஷத்துக்குப் பதினாறா?"

மறைப்பானேன்... எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை வருஷமாக வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு வரியையாவது யாராவது வெண்டைக்காய்க்கு நடுவே திருப்பிச் சொல்லியிருக்கிறார்களா?

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை முரளி வந்து பெல் அடித்தார். தோளில் லேப்டாப் பை.

"பொன்மலை வரைக்கும் போகணும் மேடம். சவரிமுத்து அண்ணன் வீட்டுக்கு. நீங்களும் வந்தா நல்லா இருக்கும்."

"யாரு சவரிமுத்து?"

"நம்ம படத்துல விஞ்ஞானியா நடிச்சவரு."

"அடடா, அவரா! வரேன், வரேன். நேர்லயே ஒரு சாரி சொல்லிடறேன்."

முரளி என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார்.

"அவரு இறந்துட்டாரு மேடம். ஷூட்டிங் முடிஞ்சு நாலாவது மாசம். காலைல வேலைக்குக் கிளம்பி வாசல் வரைக்கும் வந்தவரு... ஹார்ட் அட்டாக். படத்துல முதல் கார்டே அவருக்கு அஞ்சலின்னுதானே போட்டிருக்கேன். பார்க்கலையா நீங்க?"

பார்க்கவில்லை. நான் அப்போது காவிரிப் பாலத்தில் இருந்தேன்.

சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோ பாலக்கரை தாண்டியதும் முரளி ஆரம்பித்தார். சவரிமுத்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பழைய வாஷிங் மெஷின் டிரம், டேபிள் ஃபேன் கம்பி வலை, சீரியல் பல்பு... இவற்றை வைத்து அந்த எதிர்கால மிஷினைச் செய்து கொடுத்தவர் அவர்தான். விஞ்ஞானி வேஷத்துக்கு ஆள் தேடியபோது, "சார், இந்த சுவிட்சு போடுற வரிசை எனக்கு மட்டுந்தான் தெரியும். தப்பா போட்டா ஷாக் அடிக்கும்" என்றாராம். அப்படித்தான் நடிகரானார்.

"அந்தப் பிணம் ஷாட் அன்னிக்கு முந்தின ராத்திரி அவருக்கு டியூட்டி மேடம். வீட்டுக்குக் கூடப் போகாம நேரா வந்துட்டாரு. அசையாம படுங்கண்ணேன்னு சொன்னேன். படுத்தாரு. நாங்க ஷாட்டை முடிச்சுட்டுப் போய்த் தட்டுனா... எழுந்திருக்கலை. நல்ல தூக்கம்."

"ரீடேக் எடுத்திருக்கலாமே?"

"மாமா அன்னிக்கே சாவியைக் கேட்டுட்டாரு."

லேப்டாப்பில் இருந்தது திருத்திய காட்சி. மூன்று நாளில் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டாலும் அடுத்த வாரம் படம் ஆன்லைனில் வரப்போகிறது. அதற்காக முரளி நண்பர் ஒருவரை வைத்து இருபது நிமிடமும் பிணத்தின் உடம்பை மட்டும் அசையாமல் உறைய வைத்திருக்கிறார். வீட்டாரிடம் அதைக் காட்டி, "இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க" என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

கதவைத் திறந்தது மகள் ஸ்டெல்லா. இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நிமிஷத்துக்குப் பதினாறு நார்மல்தாங்க மேடம்" என்றாள். "நான் நர்ஸ்."

உலகத்தில் எத்தனையோ விதமான வரவேற்பைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் நல்ல நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "தெரியாமச் சொல்லிட்டேம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க. அவ்ளோதானே? வேற யாரு வீட்டு ஆளாவது இருந்தா சொல்லியிருப்பீங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? உண்மையாகத்தான் கேட்கிறேன்.

"உள்ள வரச் சொல்லு ஸ்டெல்லா. நின்னுக்கிட்டே பேசுவாங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆரோக்கியமேரி. சவரிமுத்துவின் மனைவி. குழம்பு கொதிக்கும் வாசனையோடு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். சுவரில் அவர் கணவர் மாலையோடு இருந்தார். பக்கத்திலேயே கல்யாணப் போட்டோ, சின்ன வயதில் ஸ்டெல்லா சர்ச்சில் புதுநன்மை வாங்கியபோது எடுத்த போட்டோ. எல்லாவற்றிலும் அந்த மனிதர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார்.

முரளி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். லேப்டாப்பைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கேள்வி கேட்டார். தரையில் சவரிமுத்து. துளியும் அசைவில்லை. வேலை சுத்தம். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"என்னா தம்பி இது?" என்றார் ஆரோக்கியமேரி. "எதுக்கு நிறுத்துனீங்க?"

"படம் ஓடிக்கிட்டுத்தான் இருக்குக்கா. பாருங்க, இன்ஸ்பெக்டர் பேசுறாரு."

"அதைச் சொல்லல. அவரு மூச்சை எதுக்கு நிறுத்துனீங்க?"

முரளி லேப்டாப்பில் படத்தை நிறுத்தினார்.

"நான் மூணு நாளும் தியேட்டருக்கு வந்தேன் தம்பி. உங்ககிட்ட சொல்லல. ஓரமா உக்காந்து பாத்துட்டு, அவரை ஆம்புலன்ஸுல ஏத்துனதும் எந்திரிச்சு வந்துருவேன். அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா இப்படித்தான்... பாய் கூடப் போடாம, ஃபேனுக்கு நேரா படுத்துருவாரு. அது நடிப்பு இல்ல. தூங்குறாரு. பழைய படம் இருக்கா? அதைப் போடுங்க."

முரளி பழைய படத்தைப் போட்டார்.

"அந்த இடது காலைப் பாருங்க. பெருவிரலை. தூங்கிட்டாருன்னா அது ஆடும்."

பார்த்தோம். ஆடியது. லேசாக, எதற்கோ தாளம் போடுவது போல. நான் மூச்சை எண்ணினேனே தவிர இதைப் பார்க்கவில்லை. அத்தனை கமென்ட் போட்டவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவும் அப்போதுதான் பார்த்திருக்கிறாள். எழுந்து வந்து அம்மாவின் பின்னால் நின்று, ஸ்க்ரீனுக்குக் கிட்டத்தில் குனிந்தாள்.

"போட்டோவுல எல்லாம் பாருங்க, செலை மாதிரி நிக்கிறாரு" என்றார் ஆரோக்கியமேரி. "ஃபோன்ல வீடியோ எடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. எங்ககிட்ட இருக்கறதுல, அவரு மூச்சு விடுறது இது ஒண்ணுதான்."

லேப்டாப்பில் இன்ஸ்பெக்டர் மட்டும் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா" என்றாள் ஸ்டெல்லா.

"சிரிச்சா என்னா? சிரிக்கிறதுக்கும் அவரு மூச்சு விடுறதைப் பாத்துத்தானே ஆகணும்? பாக்கட்டும்."

இந்தப் பத்தியில் நான் விமர்சனம் செய்யாத படம் இல்லை, ஹோட்டல் இல்லை, சம்பந்தி வீட்டுச் சாம்பார்கூடத் தப்பியதில்லை. குறை கண்டுபிடிக்கும் கண் எனக்குக் கூர்மை என்று எனக்கே ஒரு நினைப்பு. இரண்டு பேரும் ஒரே இருபது நிமிடத்தைத்தான் பார்த்திருக்கிறோம். நான் பார்த்தது ஒரு தவறு. அந்த அம்மாள் பார்த்தது...

சரி, விடுங்கள். விளக்கினால் கெட்டுவிடும்.

படம் இப்போது ஆன்லைனில் இருக்கிறது. மூச்சும் இருக்கிறது, பெருவிரலும் இருக்கிறது. என் வீடியோவை முரளி எடுத்துவிட்டார். ஆனால் அதன் நகல்கள் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. 'பிணம் மூச்சு விடுது' என்று தினமும் யாராவது ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்துக் கமென்ட் போடுகிறார். சென்ற வாரம் அப்படி ஒன்றுக்குக் கீழே ஸ்டெல்லா பதில் எழுதியிருந்தாள்: 'ஆமாங்க. எங்க அப்பா. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து தூங்குறாரு.' அதற்கு அந்த ஆள் ஒன்றும் எழுதவில்லை. தன் கமென்ட்டை மட்டும் எடுத்துவிட்டார்.

அன்று நாங்கள் கிளம்பும்போது நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். ஆரோக்கியமேரி வாசலுக்கு வந்தார்.

"ஆமா தம்பி... மூணு வாட்டி பாத்தும் எனக்குத் தெரியல. கடைசியில யாருதான் அவரைக் கொன்னது?"

முரளிக்கு முகம் வெளிறிவிட்டது. கொலைகாரன் வேஷத்துக்கு வருகிறேன் என்று சொன்னவர் ஷூட்டிங்குக்கு வராமல் போய்விட, முரளியே நடிக்க வேண்டியதாகிவிட்டது.

"நான்தாங்கக்கா" என்றார்.

"நீங்களா? கேபிள்காரனா வந்து பாவமா நின்னீங்களே!"

"ஆமாங்கக்கா. அந்தக் கேபிள்காரன்தான்."

ஆரோக்கியமேரி அவரை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"நல்லா இருக்கே நியாயம்! அவரைக் கொன்னுட்டு, சாப்பிடாம வேற போறீங்களா? உள்ள வாங்க ரெண்டு பேரும். சோறு ஆயிருச்சு."

முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்... அந்தப் படத்தில் அது அவ்வளவு முக்கியமில்லை.