முப்பத்தோராம் நாளுக்குள் ஒரு கல்வெட்டு

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கை முடித்து வீட்டுக்கு வந்து, பந்தியில் இருக்குமுன் எல்லோர் கையிலும் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். இறந்தவரின் படம், சில பக்திப் பாடல்கள், நடுவில் அவருடைய வாழ்க்கை வரலாறு. அந்த வரலாற்றை எழுதிக் கொடுப்பவன் நான். பகலில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று யாரோ ஒருமுறை சொன்னதால் ஊரின் இறந்தவர்கள் எல்லோரும் என் பொறுப்பில் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மற்ற எந்த வேலையையும் ‘பேந்து பாப்பம்’ என்று தள்ளிவைக்க எனக்குத் தெரியும். கூரை ஒழுக்கைத் தள்ளியிருக்கிறேன், பல் வலியைத் தள்ளியிருக்கிறேன். ஆனால் முப்பத்தோராம் நாளைத் தள்ள முடியாது. ஐயர் வந்துவிடுவார்.

ஆகவே பல வருடங்களாகப் பதற்றத்தை வைத்துத்தான் தொழில் நடத்தினேன். இருபத்தாறாம் நாள் வரைக்கும் நான் ஒரு ஞானி. இருபத்தேழில் நாட்காட்டியை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். இருபத்தெட்டில் அச்சகத்தாரின் இலக்கத்தைப் போனில் கண்டாலே வியர்க்கும். இருபத்தொன்பதில் பழைய கல்வெட்டு ஒன்றைக் கணினியில் திறந்து, பெயரை மாற்றி, ஊரை மாற்றி, அனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பேன். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அந்தப் பக்கத்தை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது என் துணிவு.

பிறகு, கடைசி வரை கலியாணமே கட்டாத ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரை, ‘நான்கு பிள்ளைகளையும் தோளில் சுமந்து வளர்த்த பாசமிகு தந்தை’ என்று அச்சில் ஏற்றினேன். அன்றைக்குப் பந்தியில் எல்லோரும் வாசித்தார்கள். சோற்றைப் பிசைந்தபடியே சுற்றிச் சுற்றிப் பார்த்து அந்த நான்கு பேரையும் தேடினார்கள். அவருடைய தங்கைமார் இருவரும் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

இந்தப் புகழோடு நான் இருந்தபோதுதான் நாலாம் வீட்டு அக்கா இறந்தார். ஊரின் உப தபாலகத்தை நெடுங்காலம் நடத்தியவர். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓட்டியவர். எழுபது தாண்டியவர், ஆனாலும் எனக்கு அண்ணைதான். எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் என்னை மாமர நிழலுக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, அவவின்ரை கல்வெட்டு நீர்தான் எழுத வேணும்.”

“ஓம் அண்ணை. அதுக்கென்ன.”

“ஒண்டு சொல்லிப் போடுறன். உம்மடை பழசை எடுத்துப் பேரை மாத்தித் தராதையும். அந்த நில அளவையாளரின்ரை நாலு பிள்ளையளையும் எங்களாலை வளர்க்க ஏலாது.”

அவர் சிரிக்கவில்லை. “நாப்பத்தாறு வருஷம் என்னோடை இருந்திட்டுப் போயிருக்கிறா. வாசிக்கிற சனத்துக்கு அவதான் எண்டு தெரிய வேணும்,” என்றார். அன்றே எழுதிவிடுவதென்று முடிவெடுத்தேன்.

அடுத்த பத்து நாட்களில் நான் செய்த வேலைகளைக் கேட்டால் என்னைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டீர்கள். மோட்டார்சைக்கிள் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவினேன். மின்விசிறியின் தகடுகளைத் துடைத்தேன். சுவர் அலுமாரியில் இருந்த மருந்துப் போத்தல்களை உயர வரிசைப்படி அடுக்கினேன். எழுதுவதற்கென்று வாங்கிய புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அது கோணலாகப் போனதால் பக்கத்தைக் கிழித்தேன். மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சை பாருங்கோ, அடுத்த வீட்டு மின்விசிறியும் ஊத்தையாத்தான் கிடக்காம். கேட்டுப் பாக்கட்டோ?” என்றாள்.

பதினெட்டாம் நாள் மாலை வாசல் படலையடியில் அண்ணை என்னைப் பிடித்துவிட்டார்.

“எவ்வளவு முடிஞ்சுது தம்பி?”

“பாதி அண்ணை.” வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. மூளையைக் கேட்கவில்லை.

“நல்லது. அப்ப நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வாறன். அந்தப் பாதியை வாசிச்சுக் காட்டும்.”

அவர் ஆறு என்றால் ஆறு. பஸ் டிப்போவில் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்களாம். எனக்கு வழக்கமான பதற்றம் ஒன்பது நாள் முன்கூட்டியே வந்தது. மனைவியிடம், திடீரென்று காய்ச்சல் வந்தவன் மாதிரிப் படுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “அண்ணை கட்டிலுக்குப் பக்கத்திலை கதிரை போட்டிருந்து கேப்பார்,” என்றாள். விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழும்பி, ஒரு மணித்தியாலத்தில் ஒரு பக்கம் அடித்தேன்.

ஆறு மணிக்குப் படலை திறந்தது. தேத்தண்ணீரோடு இருந்து கேட்டார். நான் குரலை உயர்த்தி வாசித்தேன். அடக்கமும் அன்பும் ஒருங்கே அமைந்தவர், அதிர்ந்து பேசாதவர், இன்முகத்தோடு எல்லோரையும் உபசரித்தவர்.

முடிந்ததும் அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நல்லாக் கிடக்கு. ஆர் தம்பி இந்த மனுசி?”

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

“அதிர்ந்து கதைக்காதவவோ? தபால் பை கட்டிற நேரத்துக்கு ஓடி வாற ஆக்களுக்கு அவ போடுற சத்தம் சந்தி வரைக்கும் கேக்கும். உமக்குத் தெரியாதே?”

எனக்குத் தெரியாதா. அப்படி ஓடிவருகிறவர்களில் முதல் ஆள் நான்தான். வேலைக்கு விண்ணப்பித்த நாளில், பையின் வாய் கட்டிய பிறகு கடிதத்தை நீட்டினேன். ‘அரசாங்க வேலை கேக்கிறாய், அரசாங்கத்தின்ரை நேரம் தெரியாதே’ என்று ஏசி ஏசியே முடிச்சை அவிழ்த்துக் கடிதத்தை உள்ளே போட்டார். அதைச் சொன்னேன்.

“அதை எழுதும்,” என்றார் அண்ணை. எழும்பினார். “மிச்சப் பாதிக்கு நாளைக்கு வாறன்.”

இப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு மேல் நான் எழுதவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. முதல் இரண்டு நாளும் பயத்தில் எழுதினேன். பயத்தில் எழுதும்போது பழைய வசனங்கள்தான் கைக்கு வருகின்றன. புதிதாக ஒன்றை நினைக்க அவகாசம் இல்லை. மூன்றாம் நாள் அலாரத்துக்கு முன்னமே விழித்தேன். கதிரையில் இருந்தேன், எழுதினேன், முடிந்தது. ஐம்பது வயதில் இதைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு யாரும் மாலை போட வேண்டியதில்லை. ஆனால் கோழிக்கு முன்னம் எழும்பி வேலை முடித்தவன் கந்தோருக்குப் போகிற நடை வேறுதான்.

போன் மட்டும் இடைஞ்சல் தந்தது. மனைவி அதை வாங்கி அரிசி வாளிக்குள் புதைத்தாள். ஒருநாள் அச்சகத்தார் அழைக்க, சமையலறையில் அரிசி வாளி மணி அடித்தது. போகட்டும் என்று விட்டேன்.

நாலாம் நாள் அண்ணை தானாகவே ஒரு கதை சொன்னார். கலியாணத்துக்கு முன்னம் அக்கா வேறொரு தபாலகத்துக்கு அவருடைய பஸ்ஸில்தான் போய்வந்தார்.

“அவ வீட்டு ஒழுங்கையாலை நடந்து வாறது பஸ் கண்ணாடியிலை தெரியும். ஒவ்வொரு நாளும் அரை நிமிஷம் பிந்தித்தான் அந்தச் சந்தியிலை இருந்து எடுத்தனான். மூண்டு வருஷம். டிப்போவுக்குத் தெரியாது.”

“எழுதட்டோ அண்ணை?”

“வேண்டாம். பென்ஷனை நிப்பாட்டிப் போடுவாங்கள்.”

நானும் விட்டுவிட்டேன். இருபத்தைந்தாம் நாள் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். பார்சலை இரண்டு தரம் நிறுப்பது, வாசிக்கத் தெரியாதவர்களின் கடிதத்தைத் தணிந்த குரலில் வாசித்துக் காட்டுவது, கெட்ட செய்தி வந்தால் தபால்காரரிடம் கொடுக்காமல் தானே கொண்டுபோவது, புளிக்கஞ்சியில் உப்பைக் கூட்டிப் போடுவது, எல்லாம் வந்திருந்தன. அண்ணை முற்றத்துக்கு இறங்கி, படலையடி வரை போய்த் திரும்பி வந்தார்.

“அந்த அரை நிமிஷத்தையும் போடும்,” என்றார். “அவவுக்கும் தெரியாது. நேரத்துக்கு வாறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவ.”

அன்று மத்தியானமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சகத்தார் தாள்களைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?”

முப்பத்தோராம் நாள் கீரிமலையிலிருந்து வந்து, பந்தலுக்குள் புத்தகத்தைப் பங்கிட்டார்கள். முதலில் ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொரு மூலையில். “என்னையும் உப்பிடித்தான் பேசினவ,” என்று ஒரு குரல். தபால் பைக் கதை வரிசை வரிசையாகப் போனது. அந்தியேட்டிப் பந்தியில் அப்படிச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அண்ணை தூணில் சாய்ந்துகொண்டு, யார் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று முகங்களை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அரை நிமிடக் கதைக்கு வந்தவர்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நாலரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுத ஒன்றும் இல்லை. சும்மா கதிரையில் இருந்தேன். ஆறு மணிக்குப் படலை திறந்தது.

“அண்ணை, அக்காவின்ரை முடிஞ்சுதே,” என்றேன்.

“அவவின்ரை முடிஞ்சுது. என்ரையை எப்ப துவங்கப் போறீர்?” என்று கேட்டபடி வழக்கமான கதிரையில் அமர்ந்தார். “நான் போனாப் பிறகு பிழை விட்டீரெண்டால் ஆர் திருத்திறது?”

நான் கொப்பியை எடுத்தேன். உள்ளே அடுப்படியில் மனைவி இரண்டாவது கோப்பையைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறந்த வருடத்தில் தொடங்கினோம். இப்போது அவர் பஸ் ஓட்டப் பழகுகிற இடத்தில் நிற்கிறோம். அச்சகத்தார் அழைத்தால், அவசரமில்லை என்று சொல்லும்படி அண்ணை சொல்லியிருக்கிறார்.