புறாக்காரனும் என் இரண்டு பெட்டிகளும்

எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆனால் இந்தத் தீவில் யார் மேடை ஏறினாலும் என் மைக்கில்தான் பேச வேண்டும். ஒற்றை ஒலிபெருக்கியைத் தோளில் சுமந்து ஆரம்பித்த தொழில். இன்று கடை, குடோன், வேன் எல்லாம் சொந்தம். பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைப்பானேன்? ஆனால் எழுத வந்தது என் மனைவியின் தம்பியைப் பற்றி. வனக்காவலன். ஊருக்கெல்லாம் அவன் புறாக்காரன்.

அந்தப் புறா எங்கள் தீவுக் காட்டை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பிடரியில் செம்பு நிறம். உச்சிக் கிளையில் இலையோடு இலையாக இருக்கும், லேசில் கண்ணில் படாது. அதனால் குரலை வைத்துத்தான் எண்ணுவார்கள். பதிவு செய்த கூவலை ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டால், தன் இடத்துக்குள் எவனோ நுழைந்துவிட்டான் என்று அது பதிலுக்குக் கூவும். பதில் வந்தால் ஒரு புறா.

கணக்கெடுப்பு வந்தது. வனத்துறையின் பழைய பெட்டிகள் கரகரத்தன. புறாக்காரன் என்னிடம் வந்தான்.

"அத்தான், பிசிறில்லாத சத்தம் வேணும்."

"என் பெட்டியில கூவினா புறா பொண்ணு கேட்டே வந்துடும் மாப்ள," என்று இரண்டைக் கொடுத்தேன்.

மேற்குச் சரிவில் இவன் குழு, கிழக்கில் இன்னொரு குழு, குழுவுக்கு ஒரு பெட்டி. போட்ட இடமெல்லாம் பதில் வந்ததாம். திரும்பி வந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அழிஞ்சு போகுதுன்னு பயந்தோமே, மலை முழுக்க இருக்கு அத்தான்!"

அரிய பறவைகளின் பட்டியலில் அழிவின் விளிம்பில் என்றிருந்த புறா, கவலைப்படத் தேவையில்லாத பறவை ஆகிவிட்டது. மேற்குச் சரிவில் சாலை போடுவதை அந்தப் புறாவைக் காட்டித்தான் தடுத்து வைத்திருந்தார்கள். தடையும் போயிற்று.

பிறகு ஒருநாள் கிழக்குக் குழுக் காவலர் என் கடைக்கு வந்தார். இவனும் இருந்தான்.

"உங்க பக்கம் ஒரு புறா தம்பி, என்ன ஒழுங்கு! மூணு தரம் கூவும், நிறுத்தும், மறுபடி மூணு தரம்."

இவன் முகம் செத்துவிட்டது. "அண்ணே, அது நான் போட்ட பெட்டி."

"அப்ப உனக்குப் பதில் சொன்னது?"

"உங்க பெட்டி."

பழைய பெட்டிச் சத்தம் மலை முகட்டைத் தாண்டாது. என் பெட்டி தாண்டும். ஒருத்தராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!

அதிகாரியிடம் ஓடினான். "மேலிடத்துக்குப் போனது போனதுதான். அடுத்த கணக்கெடுப்புல சரி பண்ணிக்கலாம்," என்றார் அவர்.

"அதுக்குள்ள மரமே இருக்காது சார்."

"கிழக்குப் பக்கம் போகட்டும்யா. றெக்கை இருக்குல்ல?"

சாலைக்காரர்கள் வனத்துறையைக் கேள் என்றார்கள். வனத்துறை, பட்டியல் போட்டவர்களைக் கேள் என்றது. அவர்கள் வனத்துறையே எழுதட்டும் என்றார்கள். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இவன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவான். என் மனைவி என்னை முறைப்பாள்.

புறாவைக் காப்பாற்றியதற்குப் பாராட்டு விழா வேறு! மைக் நம்முடையதுதான். கேடயத்தை வாங்கிய இவன், மைக்கைப் பிடித்தான். "நாங்க எண்ணினது புறாவை இல்லீங்க. பெட்டியைப் பெட்டி எண்ணிருக்கு."

மைக்கை நிறுத்தச் சொல்லி அதிகாரி எனக்குச் சைகை காட்டினார். பேசுகிறவன் வாயை என் கை அடைத்ததில்லை. சத்தத்தைக் கூட்டினேன். இவன் நடந்ததை முழுக்கச் சொன்னான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. அதிகாரியும் சேர்ந்து தட்டினார். அதோடு முடிந்தது.

மேற்கில் மரங்களுக்கு வெள்ளைக் குறி போட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவன் ஏறினான். முட்டி வலியோடு நானும் ஏறினேன். இடம் மாற்றி மாற்றிப் போட்டோம். ஒரு பதில் இல்லை. கீழே மரம் அறுக்கும் இயந்திரம் உறுமியது.

"சத்தத்தைக் கூட்டட்டுமா மாப்ள?"

"யாருக்கு அத்தான்?"

கேட்காமல் திருகினேன், அது போகிற மட்டும். பதிவில் இருந்த புறா முகட்டைத் தாண்டிக் கூவியது. அந்தப் பக்கம் எண்ணுவதற்குக்கூட ஆள் இல்லை.