தோளில் நாலு பட்டை

பைலட் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஒரு விமான நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். புகைப்படத்துக்காகப் பூந்தமல்லி ஸ்டுடியோவுக்குப் போனேன்.

எல்லோருக்கும் கணினியில் கோட் மாட்டிவிடும் ஸ்டுடியோ அண்ணன், பைலட் வேலைக்கு என்றதும் எனக்கு விமானிச் சீருடையையே மாட்டிவிட்டார். தோளில் நாலு பட்டை.

"அண்ணா, நாலு பட்டை கேப்டனுக்கு. நான் இன்னும் வேலைக்கே சேரல. இத அனுப்புனா பொய்யின்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"ரெண்டு கொறச்சுக்கலாமா?"

"ஒண்ணும் வேணாம். என் வெள்ளச் சட்டையே போதும்."

"இது சும்மா கெத்தா கீதேம்மா."

வெள்ளைச் சட்டைப் படத்தை வாங்கி, அங்கேயே நின்று விண்ணப்பத்தை அனுப்பினேன்.

"அப்ப இத்த அழிச்சிடவா?"

"வேணாம்ணா. கேப்டனானதும் வந்து வாங்கிக்கிறேன்."

ஸ்டுடியோவில் ஒரு படத்தை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.