நாலாவது சீட்

வேங்கிக்கால் வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் எடை மெஷினில் ஏறச் சொல்லி, வாய்க்குள்ளேயே கூட்டிப் பார்ப்பான் ஜினசேனன். சொந்த ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்றவன். வாடகைக்குக் குட்டி விமானம் எடுத்து, கூட வருகிறவர்களோடு செலவைச் சமமாகப் பிரித்துக்கொண்டு பறப்பான்.

இந்த முறை நாலாவது சீட் அப்பா பொன்னுசாமிக்கு. ஊர் மலையை மேலேயிருந்து ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் அவருக்கு. ஆனால் நண்பர்கள் பாலாஜியும் இளஞ்செழியனும் மெஷினில் ஏறி இறங்கியதும் கணக்கு இடித்தது.

“விமானம் தாங்குற எடைக்கு மேல நாலு கிலோ ஜாஸ்திப்பா. குறையலேன்னா உங்கள அடுத்த தடவைதான் கூட்டிட்டுப் போவேன்.”

“பாலாஜி, அந்தத் தொப்பைய இங்கயே வெச்சிட்டு வாய்யா,” என்று சிரித்தார் அப்பா.

மறுநாளிலிருந்து பத்து நாளும் ஒரே வேளைதான் சாப்பிட்டார். நோன்பு என்றார். ஜைன வீட்டில் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

பறக்கிற அன்று எடை சரியாக வந்தது. மலை தெரிந்ததும் அப்பா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டவர், இறங்கும்வரை எடுக்கவேயில்லை.

மாதம் ஒன்று கழித்து அக்கா த்ரிசலா சொன்னாள்: “அது நோன்பே இல்லடா. எடைக்காகப் பட்டினி கெடந்தாரு. உனக்குத் தெரிஞ்சா, பட்டினி ஒடம்போட பறக்க வேணாம்னு அவர விட்டுட்டுப் போயிடுவியாம்; அதான் என் வாயையும் அடைச்சுட்டாரு.”