பெண்கள் கவுண்டரில் ஒரு கை

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் இருந்த அந்த டாக்கீஸில் பெண்கள் கவுண்டர் என்பது சுவரில் ஒரு பொந்து, அவ்வளவுதான். ஒரு கை தாராளமாக நுழையும். ஆனால் எப்போதும் ஏழெட்டுக் கைகள் ஒன்றாக நுழைந்து, வளையல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் தவிக்கும். உள்ளே இருப்பவர் முகம் வெளியே தெரியாது. தெரிவதெல்லாம் டிக்கெட் கொடுக்கும் கை மட்டும். 1964லிருந்து அது பொன்னழகின் கை.

அவளுக்கும் அப்படித்தான். ஊர்ப் பெண்களை அவள் கைகளாகத்தான் அறிவாள். பச்சை குத்திய கை, எண்ணெய் தெறித்த தழும்புள்ள கை, மருதாணி பாதி அழிந்த கை. கடைத்தெருவில் யாராவது முகம் பார்த்துச் சிரித்தால் பொன்னழகு முதலில் அவர்கள் மணிக்கட்டைப் பார்ப்பாள். பிறகுதான் ஆளைத் தெரிந்துகொண்டு சிரிப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. பிறகு மணிக்கட்டு, முழங்கால். வேப்பெண்ணெய், நொச்சி இலை, வேண்டுதல் எல்லாம் பார்த்தாயிற்று. மதுரையில் ஒரு டாக்டர்தான், "இது முடக்குவாதம்மா. போகாது. ஆனா இதோட இருக்கலாம்" என்றார். போகாது என்றதும் வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். பொன்னழகு, "அப்ப அதுவும் நம்ம வீட்டு ஆளுதான்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறுமுன் சித்திரை வீதியில் சேலைக்கடை பார்க்கப் போனாள்.

காலையில் அவள் மரக்கட்டை. எழுந்து உட்காரவே அரை மணி ஆகும். வெந்நீர்ச் சட்டிக்குள் கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். புருஷன் சேவுகன் அதே டாக்கீஸில் சைக்கிள் ஸ்டாண்டு பார்ப்பவன். அவன்தான் சடை பின்னிவிடுவான். பக்கத்து வீட்டு ஆயி அதைப் பார்த்துச் சிரித்தபோது, "நித்தம் சைக்கிள் செயின் மாட்டுற கைக்குச் சடை என்ன பெரிய காரியமா" என்றான். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். பொன்னழகு அதை அவிழ்த்ததே இல்லை.

பத்து மணிக்கு மேல் அவள் ஆளாகிவிடுவாள். டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் காபி குடிப்பாள். கதவை முழங்கையால் தள்ளுவாள். கொப்புடையம்மன் கோயிலுக்கு நடப்பாள், சந்தையில் கத்தரிக்காய்க்குச் சண்டை போடுவாள், பள்ளத்தூரில் தங்கச்சி வீட்டுக்கு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போய் வருவாள். வலியா? வலிதான். வலிக்கிறது என்பதற்காகக் கத்தரிக்காய் விலை குறையுமா என்பாள். மதியக் காட்சிக்கும் சாயங்காலக் காட்சிக்கும் விரல்கள் சொன்னபடி கேட்கும். இந்த நோய்க்கென்றே செய்துவைத்த வேலை இது என்று அவளுக்கு நினைப்பு. சேவுகன் டிக்கெட் கட்டின் மேல் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்து வைத்திருந்தான். அதனால் விரலால் கிழிக்க வேண்டாம், உள்ளங்கை ஓரத்தால் இழுத்தால் போதும்.

வரிசையில் எப்போதும் முதல் ஆள் சைதுன் பீவி. கறிக்கடைக்காரர் மனைவி, பலத்த கை. ஒருநாள் அவள் சில்லறையை ஓங்கி வைத்ததில் பொன்னழகு உயிர்போகிற மாதிரி முனகிவிட்டாள். அன்றிலிருந்து சைதுன் பீவி காசை முட்டை வைப்பதுபோல வைப்பாள். பின்னால் நிற்பவர்களையும் விடமாட்டாள். "பைய வைங்கடி. அந்தக் கைக்கு நோவு." கொஞ்ச நாளில் அந்த வரிசைக்கே அது பழக்கமாயிற்று.

1971ல் திருச்சியிலிருந்து சத்தியமூர்த்தி என்று புது மேனேஜர் வந்தார். அதற்குள் பொன்னழகின் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. அந்த மாதம் கல்லல் ரயிலில் படம் பார்க்க வந்த கூட்டத்தில் ஒரு பெண், பொந்துக்குள் கையை விட்டவள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். "ஆத்தே, பெருநோய்க் கைடி இது" என்று சொல்லிக்கொண்டே வரிசையை விட்டுப் போனாள். மூன்றே நாளில் தொழுநோய் என்ற பேச்சு ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். பொன்னழகு மதுரை டாக்டர் சீட்டை நீட்டினாள்.

"அந்த நோய் வந்தவுகளும் மனுசருதான் சார். ஆனா எனக்கு அது இல்ல."

"எனக்குத் தெரியுதும்மா. வரிசையில நிக்கிறவங்களுக்கு ஒவ்வொருத்தரா இந்தச் சீட்டைக் காட்ட முடியுமா? கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. அப்புறம் பாப்போம்."

அப்புறம் பாப்போம் என்றால் என்னவென்று வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பொன்னழகு வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் மதியமும் விரல் எழுந்திருக்கவில்லை. அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. ஏழு வருடமாகத் தன்னைத் தொட்ட அத்தனை கைகளும் இப்போது எங்காவது சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்குமோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்தபோதுதான், டாக்டரிடம் அழாதவள் அழுதாள்.

சனிக்கிழமை மதியம் சேவுகன் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"பொன்னு, கிளம்பு. அங்க ஒரே ரகளை."

நடந்தது இதுதான். மேனேஜர் பெண்கள் கவுண்டரில் வாசல் கேட்டில் டிக்கெட் கிழிக்கும் வயிரவனை உட்கார வைத்துவிட்டார். திருச்சிக்காரருக்கு இந்த ஊர் வழக்கம் என்ன தெரியும். பொந்துக்குள் கைக்கடிகாரம் கட்டிய ரோமக் கை ஒன்றைப் பார்த்ததும் அத்தனை வளையல் கைகளும் வெளியே போய்விட்டன. ஒருத்தியும் காசு நீட்டவில்லை. வரிசை கலையவும் இல்லை. ஆம்பளைக் கை இருக்கும் பொந்துக்குள் கை விடமாட்டோம் என்று சைதுன் பீவி சொல்லிவிட்டாள். பொன்னழகைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னாள்.

"மத்தவுக என்ன சொன்னாக?" என்று கேட்டாள் பொன்னழகு.

சேவுகன் செருப்பைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லல. சும்மா நிக்கிறாக."

கேரியரில் உட்கார்ந்து போகும் வழியெல்லாம் அவளுக்கு அந்தச் சும்மாதான் பயமாக இருந்தது. வயிரவன் எழுந்து இடம் விட்டான், தப்பித்த முகத்தோடு. மேனேஜர் வாசலில் கடிகாரம் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னழகு மரச்சட்டத்தின் மேல் கையை வைத்தாள், சாய்ந்த விரல்கள் நன்றாகத் தெரியும்படி. மறைத்து என்ன ஆகப்போகிறது.

பொந்து காலியாக இருந்தது. இப்படிக் காலியாக அவள் அதைப் பார்த்ததே இல்லை.

பிறகு சைதுன் பீவியின் கை வந்தது. காசு இல்லை. வெறுங்கை. அது பொன்னழகின் விரல்களை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தது.

"என்ன ஆத்தா, சடை பின்ன நேரமாயிருச்சாக்கும்" என்றது வெளியிலிருந்து குரல்.

அந்தக் கை போய்க் காசோடு வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டது. அடுத்துப் பச்சை குத்திய கை. அதுவும் ஒரு நிமிடம் பிடித்துவிட்டுத்தான் காசு நீட்டியது. அதற்கடுத்து வந்த மருதாணிக் கை தயங்கியது, நகத்தால் லேசாகத் தொட்டது, பின் முழுசாகப் பிடித்தது. ஒன்றும் சொல்லாமல் நின்றவர்கள் ஒவ்வொருவராக இப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள். படம் இருபது நிமிடம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளே போனார்.

இடைவேளையில் சேவுகன் டீ கொண்டுவந்தான். டம்ளரை ஏந்த அவள் விரல்கள் மடங்கவில்லை. அவனே பிடித்துக் குடிக்க வைத்தான்.

"ரொம்ப நோகுதா?"

"நோகாம? அம்புட்டுப் பேரும் புடிச்சு அமுக்கிட்டாளுக" என்றாள் பொன்னழகு. கண்ணைத் துடைக்கவும் கை எழவில்லை. "நல்லா நோகுதுங்க. நோகட்டும்."